காலேஜ் விளையாட்டு வீரர்களுக்கு இப்போதாவது நியாயமான காசு கிடைக்கிறதா? ஏஜென்ட்களைப் பற்றியும் பேசுவோம்

கொலம்பஸ் குமரன்

ஃபுட்பால் சீசன் இழையில் இந்தப் பேச்சு வந்து பாதியில் நின்றுவிட்டது. அதனால் தனி இழை. (அமெரிக்க ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன், நம்ம ஊர் கால்பந்து அல்ல.)

2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மீது வீரர்கள் போட்ட வழக்கில் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். 2016-க்குப் பிறகு ஆடியவர்களுக்கு நிலுவையாக 280 கோடி டாலர், பத்து வருடத்தில் கொடுத்து முடிக்க வேண்டும். "பிரச்சினை தீர்ந்தது, இனி என்ன புலம்பல்" என்று அந்த இழையில் எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வீரர்கள் காசு வாங்கவே கூடாது என்று விதி இருந்த காலம். கூடைப்பந்து மார்ச் போட்டிகளின் டிவி உரிமையை 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்கு என்சிஏஏ விற்றது அந்த வருடம்தான். அதே வருடம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே.கிரீன் தான் போட்டு ஆடிய ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார் என்பதற்காக நான்கு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டார். வாங்கியவர் என்சிஏஏ கணக்கில் "ஏஜென்ட்" ஆகிவிட்டாராம், அதுதான் குற்றம். கடையில் அவர் எண் போட்ட ஜெர்சி விற்றுக்கொண்டேதான் இருந்தது.

இன்றைக்குக் காசு வந்துவிட்டது. ஆனால் 18 வயதுப் பையன் கையெழுத்துப் போட உட்காரும்போது அவன் பக்கம் பேச யார் இருக்கிறார்கள்? அன்றைக்கும் யாரும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஏஜென்ட் நுழைவது அந்த இடைவெளியில்தான். என் வாதம் அவ்வளவுதான். மற்றவர்களும் சொல்லுங்கள்.

மயிலை சீனு

குமரன் சார், நான் மாத்தி யோசிக்கிறேன். கோபப்படாதீங்க.

என் அண்ணன் பையன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சு 45 லட்சம் கடன். இன்னும் வட்டி கட்டிட்டு இருக்காங்க. அதே காலேஜ்ல ஃபுட்பால் ஆடற பையனுக்கு ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் செலவு கிடையாது, சாப்பாடு ஃப்ரீ, ட்யூட்டர் ஃப்ரீ, டாக்டர் ஃப்ரீ. நாலு வருஷத்துக்கு ரெண்டு கோடி ரூபாய்க்கு மேல போகும். இது கூலி இல்லையா? நம்ம ஊர்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு சீட்டுக்கும் அப்புறம் ரயில்வேல ஒரு வேலைக்கும் என்ன பாடு படறாங்கன்னு எனக்குத் தெரியும்.

என்சிஏஏ சொல்ற கணக்குப்படியே புரொஃபஷனலா ஆடப் போறவங்க ஃபுட்பால்ல நூத்துக்கு ரெண்டு பேர் கூட இல்ல. மீதி 98 பேருக்கு அந்தப் பட்டம்தான் சோறு போடும். கையில லட்சக்கணக்குல டாலரைக் குடுத்தா எவன் கிளாசுக்குப் போவான்?

ஸ்கார்பரோ தர்சன்

சீனு அண்ணை, சாப்பாடு ஃப்ரீ எண்டு சொன்னியள். அது எப்ப இருந்து எண்டு தெரியுமோ?

2014-ல கனெக்டிகட் அணி கூடைப்பந்தில சாம்பியன். அதின்ரை பெரிய ஆட்டக்காரன் ஷபாஸ் நேப்பியர். அந்தக் கிழமை நிருபர்மாருக்கு முன்னால அவன் சொன்னது, சில இரவுகளில பசியோட படுக்கிறனான், வாங்கிச் சாப்பிடக் காசில்லை எண்டு. அது டிவியில எல்லாம் ஓடினது. அதுக்குப் பிறகு ஒரு கிழமையில என்சிஏஏ விதியை மாத்தி, சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை எண்டு அறிவிச்சுது. அதுவரைக்கும் எத்தினை வேளை போடலாம் எண்டதுக்குக் கணக்கு வைச்சிருந்தவை.

நாங்கள் எங்கடை பிள்ளையளை ரியூஷனுக்கு விட்டிட்டு வாசலில காத்துக்கொண்டு நிக்கிற ஆக்கள். அந்தப் பெடியன் டிவியில ஆடிப்போட்டு வெறும் வயிற்றோட படுத்தவன் எண்டதை என்னாலை சும்மா கடந்து போகேலாமல் இருக்கு.

மயிலை சீனு

தர்சன், இது எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் "ஃப்ரீ"ன்னு எழுதினேன். ஆனா அது சாப்பாட்டுப் பிரச்சினை, சரி பண்ணிட்டாங்க. சம்பளம் வேற விஷயம் இல்லையா?

கொலம்பஸ் குமரன்

சீனு சார், கோபமெல்லாம் இல்லை. எம்.எஸ். கடன் உண்மையான வலி. ஆனால் அந்த மாணவனுக்குக் கால் உடைந்தால் அட்மிஷன் போகாது. 1973-லிருந்து 2012 வரை விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை ஒரு வருடத்துக்கு மேல் தரவே விதி அனுமதிக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிப்பதா வேண்டாமா என்பது கோச் கையில். முழங்கால் போனவனுக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது ஏட்டில் உள்ள விதி. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் கெய்ன் கோல்ட்டர் தலைமையில் தொழிற்சங்கம் கேட்டார்கள். விசாரித்த தொழிலாளர் வாரியத்தின் சிகாகோ அதிகாரி, சீசனில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் போகிறது, இவர்கள் ஊழியர்கள்தான் என்று எழுதினார். அடுத்த வருடம் மேல் வாரியம் "இதில் நாங்கள் தலையிட மாட்டோம்" என்று ஒதுங்கிக்கொண்டது. வீரர்கள் போட்ட வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

இதற்கெல்லாம் அடி எங்கே என்றால் 1955. கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி, வேலையில் இறந்த தொழிலாளிக்கான இழப்பீட்டைக் கேட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கொடுக்க முடியாது என்றது. ஃபுட்பால் கல்லூரியின் தொழில் அல்ல, ஆகவே அவர் தொழிலாளி அல்ல. இன்று அந்தத் தொழிலில் ஒரு கோச்சை வேலையிலிருந்து அனுப்பவே டெக்சஸ் ஏ அண்ட் எம் 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது (2023, ஜிம்போ ஃபிஷர்).

பாலா_டல்லஸ்

கேள்வி: ஏஜென்ட் வைத்துக்கொள்ளவே கூடாது என்று விதி இருந்ததா? அல்லது காசு வாங்கக் கூடாது என்று மட்டுமா?

வக்கீல் வைதேகி

பாலா, இரண்டும்தான். ஒரு ஏஜென்ட்டோடு வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டாலே ஆடும் தகுதி போய்விடும். ஒரு வழக்கைச் சொன்னால் அதன் கொடுமை புரியும்.

ஆண்ட்ரூ ஆலிவர், ஓஹையோவைச் சேர்ந்த பேஸ்பால் பிட்சர். 2006-ல் ஹைஸ்கூல் முடிக்கும்போது மினசோட்டா ட்வின்ஸ் என்ற புரொஃபஷனல் அணி அவரைத் தேர்வு செய்து, பேரம் பேச வீட்டுக்கே ஆள் அனுப்பியது. வீட்டுக் கூடத்தில் பையன், அப்பா, அணியின் ஆள், கூட இவர்களுடைய ஆலோசகரான ஒரு வக்கீல். பேரம் படியவில்லை. பையன் ஓக்லஹோமா ஸ்டேட்டில் சேர்ந்து ஆட ஆரம்பித்தான். பின்னால் அவன் வேறு ஏஜென்ட்டிடம் போனதும், பழைய ஆலோசகர் 1,13,750 டாலருக்கு பில் அனுப்பினார். பணம் வரவில்லை என்றதும் "பேரத்தின்போது நான் அந்த அறையில் இருந்தேன்" என்ற தகவல் என்சிஏஏ வரை போனது. 2008-ல் பையனை நிறுத்திவிட்டார்கள்.

குற்றம் என்னவென்று கவனியுங்கள். வக்கீல் வைத்திருந்தது குற்றமில்லை. அணியின் ஆள் பேசும்போது வக்கீல் அறையில் இருந்ததுதான் குற்றம். மறுபக்கம் ஒரு கம்பெனி முழுவதும் நிற்கும், இந்தப் பக்கம் பள்ளி மாணவனும் அவன் அப்பாவும் மட்டும் இருக்க வேண்டும். ஓஹையோ நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. மேல்முறையீடு போகும் முன் 2009-ல் என்சிஏஏ 7,50,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

வெளிப்படையாக ஆலோசனை கேட்க முடியாதவன் ரகசியமாகக் கேட்பான். ரகசியமாக வருகிறவன் நல்லவனா என்று விசாரிக்க வழியே கிடையாது.

கொலம்பஸ் குமரன்

வைதேகி மேடம் சொன்னதன் மறுபக்கம் நார்பி வால்டர்ஸ், லாயிட் ப்ளூம். எண்பதுகளில் நியூயார்க்கில் இருந்த இரண்டு ஏஜென்ட்கள். வால்டர்ஸ் அதற்கு முன் பாடகர்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்தவர். கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே பையன்களிடம் கையெழுத்து வாங்கி, தேதியை மட்டும் கல்லூரி முடிந்த பின் போட்டதுபோல் எழுதி, பத்திரத்தைப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். கையில் சில ஆயிரம் டாலர், மாதாமாதம் செலவுக்குக் காசு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் விலக நினைத்தவர்களுக்குக் காலை உடைப்போம் என்ற மிரட்டல் வந்ததாக விசாரணையில் சாட்சியம்.

எங்கள் ஊர் ஓஹையோ ஸ்டேட்டின் கிரிஸ் கார்ட்டர் இதில் மாட்டித்தான் 1987 சீசன் முழுவதையும் இழந்தார். பின்னாளில் புரொஃபஷனல் ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் (தலைசிறந்த வீரர்களின் பட்டியல்) வரை போனவர். வால்டர்ஸுக்கும் ப்ளூமுக்கும் 1989-ல் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் நிற்கவில்லை. பையன்களோ ஸ்காலர்ஷிப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டுதான் வழக்கிலிருந்து வெளியே வந்தார்கள். இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆசை காட்டும் முறையும் அப்போதிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஏஜென்ட் நேரில் வர மாட்டார். "ரன்னர்" என்று ஒருவன் வருவான், வீரர்களை விட நாலைந்து வயது மூத்தவன். ஹாஸ்டல் பக்கம் பழகுவான், சாப்பாட்டுக்கு அழைத்துப் போவான், ஊருக்குப் போக டிக்கெட் போடுவான். அம்மாவுக்கு வாடகை பாக்கி என்று தெரிந்தால் அதைக் கட்டிவிடுவான். கையெழுத்து என்ற பேச்சே பல மாதம் வராது. வரும்போது பையனால் மறுக்க முடியாது. ஜாஷ் லுக்ஸ் என்ற ஏஜென்ட் 2010-ல் பத்திரிகையில் பெயர் போட்டே சொன்னார், முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தான் காசு கொடுத்ததாக.

மயிலை சீனு

இதைப் படிச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்தப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லையா? விதி இதுன்னு தெரிஞ்சுதானே வாங்கினாங்க? ஃபுட்பால் ஆடின ரெஜி புஷ் கேஸ்ல வீடு, கார்னு வாங்கினதா வந்துச்சே. அது வாடகை பாக்கிக்குக் கஷ்டப்பட்டதா?

வக்கீல் வைதேகி

சீனு சார், ரெஜி புஷ் குடும்பம் பெரிய தொகை பெற்றது என்றுதான் என்சிஏஏ முடிவு செய்தது. அவர் ஆடிய யுஎஸ்சி பல்கலைக்கழகத்துக்கு 30 ஸ்காலர்ஷிப் வெட்டு, சீசன் முடிவில் வரும் பௌல் ஆட்டம் இரண்டு வருடம் கிடையாது. சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான 2005 ஹைஸ்மன் கோப்பையை அவர் 2010-ல் விட்டுக்கொடுத்தார். 2024-ல் அந்தக் கோப்பை அவரிடமே திரும்பி வந்துவிட்டது. வீரர்கள் காசு வாங்குவதே சட்டப்படி சரி என்றான பிறகு, அதைப் பிடித்து வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று கோப்பை கொடுப்பவர்களே உணர்ந்தார்கள்.

பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. 19 வயதில் தப்பு செய்யலாம். அந்தத் தப்பின் விலையை யார் கட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

2021-க்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஒப்பந்த வேலை பார்ப்பவள் என்ற முறையில் என்னைத் தூங்க விடாதது இதுதான். அந்த வருடம் ஜூன் 21-ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், படம், புகழை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. என்ஐஎல் என்கிறார்களே, அது.

2022-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜெர்வான் டெக்ஸ்டர், பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிதி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அவருக்குக் கிடைத்தது 4,36,485 டாலர். பதிலுக்கு, என்எஃப்எல் (புரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) போனால் அங்கே சம்பாதிப்பதில் 15 சதவீதம், வரி பிடிப்பதற்கு முன்னால், 25 வருடத்துக்கு.

கணக்குப் போடுங்கள். 2023-ல் என்எஃப்எல் அணியான சிகாகோ பேர்ஸ் அவரை வீரர் தேர்வின் இரண்டாவது சுற்றில் எடுத்தது. முதல் நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 67 லட்சம் டாலர். 15 சதவீதம் என்றால் 10 லட்சம். முதல் ஒப்பந்தத்திலேயே வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அடுத்து 4 கோடிக்கு ஒப்பந்தம் கிடைத்தால் அதில் 60 லட்சம். வரியை அவர் தன் பங்கிலிருந்து தனியாகக் கட்ட வேண்டும். என்எஃப்எல்லில் ஏஜென்ட்டுக்கு வீரர் சங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு 3 சதவீதம்தான்! 2023-ல் அவர் வழக்குப் போட்டார். கல்லூரி வாழ்க்கையைத் தாண்டி நீளும் ஒப்பந்தத்தை அப்போதிருந்த ஃப்ளோரிடா சட்டம் அனுமதிக்கவில்லை என்பது அவர் வாதம்.

பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் சிறு வயதில் அதே நிறுவனத்திடம் 20 லட்சம் வாங்கி, எதிர்கால வருமானத்தில் 10 சதவீதம் எழுதிக் கொடுத்தவர். 2021-ல் அவருக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அவரும் 2025-ல் வழக்குப் போட்டார்.

ஆபத்து நடந்த பிறகு நீதிமன்றம் போவது ஒரு வழி. கையெழுத்துக்கு முன்னால் "நில்லு" என்று சொல்ல ஆள் இருப்பது இன்னொரு வழி. புரொஃபஷனல் வீரருக்கு சங்கம் அதைச் சொல்கிறது. ஏஜென்ட் தேர்வு எழுதி, சங்கத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். கல்லூரி வீரருக்கு அந்தக் காவல் இல்லை. என்ஐஎல் ஏஜென்ட்கள் 10, 15, 20 சதவீதம் என்று வாங்குகிறார்கள்.

வசந்தி_ஹூஸ்டன்

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்வேன். வைதேகி மேடம் எழுதினதைப் பார்த்ததும் எழுதணும்னு தோணிச்சு.

என் பொண்ணு ஒரு டிவிஷன் ஒன் (என்சிஏஏவோட மேல்மட்டப் பிரிவு) பல்கலைக்கழகத்துல நீச்சல் அணியில இருக்கா. ஸ்காலர்ஷிப் இல்ல, வாக்-ஆன். காலைல அஞ்சரைக்குத் தண்ணில இறங்கணும், எட்டரைக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கிளாஸ், மறுபடி மூணு மணிக்கு நீச்சல். இந்தச் சமரசத்துல ஸ்காலர்ஷிப் வரம்பை எடுத்துட்டு ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வெச்சாங்க. வசந்த காலத்துல அவளோட அணியில பல பேரை உனக்கு இடமில்லன்னு அனுப்பிட்டாங்க. இவ பேர் கடைசி வரைக்கும் தொங்கல்ல இருந்துச்சு. தீர்ப்பு ஏப்ரல்ல வராம ஜூனுக்குத் தள்ளிப் போனதே அந்த நீதிபதி இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு கேட்டதாலதான். அதனால இவ தப்பிச்சா.

பணம் எங்க போகுதுன்னு பாருங்க. நிலுவைத் தொகையில முக்காவாசி ஃபுட்பாலுக்கு, 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மீதி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 5. புதுப் பணத்தையும் நிறைய இடத்துல இதே மாதிரிதான் பிரிக்கிறாங்க. ஃபுட்பால்தான் சம்பாதிக்குது, எனக்கும் தெரியும். அதுக்காக என் பொண்ணு படற பாட்டுக்கு மதிப்பே இல்லைன்னு ஆயிடுமா?

இன்னொண்ணு. இன்ஸ்டாகிராம்ல அவளோட நீச்சல் வீடியோவுக்குக் கொஞ்சம் பேர் சேர்ந்ததும், ஒரு ஏஜென்சியிலிருந்து மெசேஜ் வந்துச்சு. ஒரு நீச்சல் கண்ணாடி கம்பெனி விளம்பரம் பிடிச்சுத் தர்றோம், 1,500 டாலர்னாங்க. கூடவே ஆறு பக்க ஒப்பந்தம். 20 சதவீதம் அவங்களுக்கு. அவங்க கொண்டுவராத விளம்பரமா இருந்தாலும் 20 சதவீதம்னு நாலாம் பக்கத்துல இருக்கு. ரெண்டு நாளைக்குள்ள கையெழுத்துப் போடணும்னு அவசரப்படுத்தறாங்க. பொண்ணு "எல்லாரும் போடறாங்கம்மா"ங்கறா. இன்னும் போடல.

ஸ்கார்பரோ தர்சன்

வசந்தி அக்கா, போட விடாதேங்கோ.

விசாப் பிரச்சினையையும் ஆரும் சொல்லேல்லை. எங்கடை கனடாப் பெடியன் ஸாக் ஈடி, ஏழடி நாலு அங்குலம், பர்டியூ பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடி 2023, 2024 ரெண்டு வருசமும் நாட்டின்ரை சிறந்த வீரன். அவன் எஃப்-1 மாணவர் விசாவில நிண்டவன். அமெரிக்க மண்ணில நிண்டுகொண்டு விளம்பர வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. கூட ஆடின பெடியள் உழைக்க, அவன் பெரும்பாலானதை விட்டிட்டு நிண்டான்.

இந்தியாவில இருந்து வாற பிள்ளையளுக்கும் இதே நிலைதான். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பெடியன் தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் ஸ்டேட்டுக்காக உயரம் தாண்டி 2018, 2022 ரெண்டு தரம் என்சிஏஏ சாம்பியன். அப்பிடி வரப்போற பிள்ளையளிட்டை ஏஜென்ட் வந்து "பேப்பரை நாங்கள் பாப்பம்" எண்டால் நம்பக் கூடாது. விசா போனால் படிப்பும் சேர்ந்து போகும்.

மயிலை சீனு

வசந்தி மேடம் எழுதினதைப் படிச்சிட்டுச் சொல்றேன். ஏஜென்ட்டைக் கட்டுப்படுத்தணும்ங்கறதுல எனக்கு முழு சம்மதம். அதுக்குச் சட்டம் இல்லையா?

ஆனா கல்லூரியே சம்பளம் கொடுக்கறது தப்புன்னுதான் இன்னும் நினைக்கிறேன். காரணம் மேடம் சொன்னதுதான். ஃபுட்பாலுக்குக் கொட்டிக் குடுத்துட்டு நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸை மூடுவாங்க. சோம்தேவ் தேவ்வர்மன் சென்னையில ரொம்ப வருஷம் பயிற்சி எடுத்தவர். வர்ஜினியா போய் 2007, 2008 ரெண்டு வருஷம் என்சிஏஏ சாம்பியன் ஆனார். டென்னிஸ் டீமே இல்லைன்னா அந்த வழி எங்க?

வக்கீல் வைதேகி

சட்டம் இருக்கிறது சீனு சார். 2004-லேயே ஸ்பார்ட்டா என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பொய் சொல்லி, பரிசு கொடுத்து மாணவரை இழுக்கக் கூடாது என்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏஜென்ட் பதிவுச் சட்டமும் உண்டு. ஆனால் இவை எழுதப்பட்டது கல்லூரியின் தகுதி கெட்டுவிடக் கூடாது என்ற கவலையில். 20 சதவீதம் அநியாயம் என்று சொல்ல அதில் இடமில்லை.

நீங்கள் டென்னிஸ் சொன்னதால் ஒன்று. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ரீஸ் ப்ராண்ட்மையர் 2021-ல் பள்ளி மாணவியாக யுஎஸ் ஓபன் ஆடி சுமார் 49,000 டாலர் பரிசு வென்றார். கல்லூரியில் ஆட வேண்டுமென்றால் அதில் பெரும்பகுதியை விட்டுவிட வேண்டும் என்றது விதி. 2024-ல் வழக்குப் போட்டார். அவர் கல்லூரியிடம் சம்பளம் கேட்கவில்லை, தான் ஜெயித்த பரிசைத்தான் கேட்டார். இதுகூடத் தப்பா?

மயிலை சீனு

இல்ல மேடம், இது அநியாயம். ஜெயிச்ச காசு அவங்களது.

கொலம்பஸ் குமரன்

சீனு சார், டென்னிஸை மூடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்யும் அறையில் வீரர்கள் இல்லை என்பதுதான் என் குறை. என்எஃப்எல்லிலும் என்பிஏவிலும் (புரொஃபஷனல் கூடைப்பந்து லீக்) வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது, சங்கம் உட்கார்ந்து பேசியதால். இங்கே 2 கோடியே 5 லட்சம் என்பது பெரிய கான்ஃபரன்ஸ்களில் (போட்டிக் கூட்டணிகளில்) உள்ள பல்கலைக்கழகங்களின் சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 சதவீதம். வழக்கறிஞர்கள் பேசி வந்த எண்.

2024 மார்ச்சில் டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. வருடக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே வருடம் ஜூலையில், கல்லூரி வீரர்கள் ஊழியர்களாக இருக்க முடியும் என்று ஃபிலடெல்ஃபியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஊழியர் என்றானால் நீச்சல்காரருக்கும் அடிபட்டால் இழப்பீடு உண்டு.

சங்கமோ எழுத்து ஒப்பந்தமோ இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மாத்யூ ஸ்லூக்கா. 2024 செப்டம்பரில் யுஎன்எல்வி பல்கலைக்கழக ஃபுட்பால் அணி மூன்று ஆட்டமும் ஜெயித்த நிலையில், அதன் குவாட்டர்பேக்கான (ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) அவர் விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக உதவி கோச் வாய்வார்த்தை கொடுத்தார் என்கிறார் ஏஜென்ட். அப்படி ஒன்றுமில்லை என்கிறது கல்லூரி. யார் சொல்வது உண்மை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பையனின் அந்த சீசன் போனது போனதுதான்.

வசந்தி_ஹூஸ்டன்

வைதேகி மேடம், அந்த ஆறு பக்கத்தை நீங்க ஒரு தடவை பார்க்க முடியுமா? நான் என்ன கேக்கணும்னே தெரியல.

வக்கீல் வைதேகி

தாராளமாக. டெக்சஸ் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் காட்டுங்கள், நான் நியூ ஜெர்சியில் இருப்பவள். பெயர், முகவரியை மறைத்துவிட்டுத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அதற்குள் நீங்களே நான்கு இடத்தைப் பாருங்கள்: எத்தனை வருடம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா, விலக எத்தனை நாள் நோட்டீஸ், கல்லூரி முடிந்த பிறகும் பங்கு கேட்கிறார்களா. பெரும்பாலும் இவையெல்லாம் கடைசி இரண்டு பக்கத்தில் இருக்கும். 600 டாலருக்கு மேல் எந்த ஒப்பந்தமானாலும் இந்தச் சமரசத்தோடு வந்த காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்ற புது அமைப்புக்கு அவள் தெரிவிக்க வேண்டும், அதை அவர்கள் சொன்னார்களா என்றும் கேளுங்கள். இரண்டு நாள் கெடுவைக் கண்டுகொள்ள வேண்டாம். நாளை இரவுக்குள் படித்துச் சொல்கிறேன்.